நடு ஆள்

திண்டுக்கல்லில் கிரிப்டோகிராபி, அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கவியல், படித்தேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் பூட்டு ஜோக்தான் வரும். எங்கள் பேராசிரியை புவனேஸ்வரி மேடமும் முதல் வகுப்பில் அதையேதான் சொன்னார். "பூட்டு ஊர்ல இருந்துக்கிட்டு இது தெரியலைன்னா நல்லாவா இருக்கும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இப்போது அதே துறையில் நான் கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளிடம் அதே ஜோக்கைச் சொல்கிறேன், அவர்களும் சிரித்து வைக்கிறார்கள். கௌரவ விரிவுரையாளர் என்றால் சம்பளம் குறைவு, கௌரவம் அதைவிடக் குறைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதித் தரும்படி சப்-இன்ஸ்பெக்டர் ஜோஸ்பின் மேடம் கேட்டிருக்கிறார். நான் யார் என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பெயர் முகேஷ்குமார். திண்டுக்கல் டவுன்தான். அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் காகிதத்தில் கண் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. "எழுத்தப் பாக்காத, ஓரத்த மட்டும் பாருடா" என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்கு மெஷினைப் பழக்கினார். எனக்கு அது வரவே இல்லை. பத்திரம், ஜாதகம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், விவாகரத்து மனு, எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவேன். ஆனால் படித்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. நம்பகமான பையன் என்று கடைத்தெருவில் எனக்கு நல்ல பெயர்.

எம்.எஸ்சி. படிக்கும்போது ப்ராஜெக்டுக்காக எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். எனக்கு வாய்த்தவர்கள் ஈஸ்வரனும் சௌந்தர்யாவும். ஈஸ்வரன் கன்னிவாடிக்காரன், மலையடிவாரத்தில் அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். சௌந்தர்யா தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். இரண்டு பேரும் காதலிக்கிறார்கள் என்பதைத் துறையில் கடைசியாகத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். இரண்டு வீட்டுக்கும் ஒத்துவராத காதல். ஏன் ஒத்துவராது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் செய்த ப்ராஜெக்ட் ஒரு செயலி. வெளியே பார்த்தால் சாதாரணப் பஞ்சாங்கம். ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் சரியாகக் காட்டும். அமாவாசைக் கட்டத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இன்னொரு கதவு திறக்கும். அதில் இருவர் மட்டும் பேசிக்கொள்ளலாம். இடையில் யார் எடுத்துப் பார்த்தாலும் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். பெண்களின் பாதுகாப்புக்கு என்று ரிப்போர்ட்டில் எழுதினோம். உண்மையில் அது ஒரே ஒரு பெண்ணின் பாதுகாப்புக்கு. லீவுக்கு வீட்டுக்குப் போனால் சௌந்தர்யாவின் அண்ணன் தங்கமுத்து அவள் போனை வாங்கி ஒன்று விடாமல் துழாவுவார். பஞ்சாங்கத்தை மட்டும் அவர் துழாவ மாட்டார் என்பது ஈஸ்வரனின் யோசனை. நல்ல யோசனைதான்.

திரை வடிவமைப்பு ஈஸ்வரன் செய்தான். மறையாக்கம் சௌந்தர்யா செய்தாள். எங்கள் வகுப்பிலேயே அவள் கைதான் சுத்தம். சாவிகளைப் பரிமாறும் பகுதி என்னுடையது. இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி. ஒன்று பொதுச் சாவி. அதை ஊருக்கே கொடுக்கலாம், அதை வைத்து யார் வேண்டுமானாலும் அவருக்கு ஒரு செய்தியைப் பூட்டி அனுப்பலாம். மற்றது அந்தரங்கச் சாவி. பூட்டியதைத் திறக்க அது ஒன்றால்தான் முடியும், அது அவரை விட்டுப் போகாது. கணக்கு அவ்வளவு உறுதியானது, யாராலும் உடைக்க முடியாது. ஒரே ஒரு ஓட்டை உண்டு. உங்கள் கைக்கு வந்த பொதுச் சாவி உங்கள் ஆளுடையதுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

வகுப்பில் புவனேஸ்வரி மேடம் வள்ளி முருகனுக்குச் செய்தி அனுப்புவதாகத்தான் உதாரணம் சொல்வார். பழனி பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகளிடம் அது எடுபடும். நடுவில் ஒருவன் புகுந்து, வள்ளியிடம் தன் சாவியை முருகன் சாவி என்றும், முருகனிடம் தன் சாவியை வள்ளி சாவி என்றும் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. இருவரும் அவனுக்கே பூட்டி அனுப்புவார்கள். அவன் திறந்து படித்து, திரும்பப் பூட்டி மற்றவருக்கு அனுப்புவான். வள்ளிக்கும் முருகனுக்கும் பெயர் வைத்த மேடம் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. வெறுமனே நடு ஆள் என்றார். நடு ஆள் எதற்காக இதைச் செய்கிறான் என்று நான் ஒருமுறை எழுந்து கேட்டேன். "அது சிலபஸ்ல இல்ல முகேஷ்" என்றார்.

நடு ஆளைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. எங்கள் செயலி அறுபது இலக்க எண் ஒன்றைக் காட்டும். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுக்கு எண் வாசித்து ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் நடுவில் ஆள் இல்லை.

கல்லூரியின் கடைசி நாள் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஈஸ்வரன் பூனாவில் வேலைக்குச் சேரப் புறப்பட வேண்டும், அவள் ஊருக்குப் போக வேண்டும். இரண்டு பேர் போனிலும் சாவிகளைப் போட்டுக் கொடுத்தது நான். போட்ட பிறகு தெளிவாகச் சொன்னேன், எண்ணை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள் என்று. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சௌந்தர்யா போனைக் கையில் எடுக்கக்கூட எடுத்தாள். ஈஸ்வரன்தான் அவள் கையை விடவில்லை.

"நீ பாத்துட்டேல்ல மாப்ள, போதும். அறுபது நம்பரை வாசிச்சுக்கிட்டு இருக்கவா இப்ப நேரம்?"

"ஏனுங்க, மேடம் அம்புட்டுத் தூரம் சொல்லிக் குடுத்தாங்கல்லங்க" என்று அவள் அவனுடைய 'அம்புட்டு'வைத் தன் பேச்சில் கலந்து கேலி செய்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். இரண்டு வருடம் இதையே படித்து, இதிலேயே முதல் வகுப்பு வாங்கிய இருவர் செய்த தவறு அது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் நம் ஆட்களுக்குப் படித்தாலும் போகாது.

அவர்கள் வாசித்திருந்தால் எண் ஒத்திருக்காது. இருவருக்கும் நான் கொடுத்தது என் சாவியை. ப்ரோகிராமில் பிழை, திருத்தித் தருகிறேன் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். ஏன் செய்தேன் என்று ஜோஸ்பின் மேடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு அது ஒரு செய்முறை, அவ்வளவுதான். லேபில் பொய்த் தகவலை வைத்தே எல்லாம் செய்கிறோம்; உண்மையான இருவருக்கு நடுவில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசை. வேலை செய்தது.

எங்கள் பாடத்தில் தாக்குதல்களை இரண்டாகப் பிரிப்பார்கள். படிப்பதோடு நிறுத்திக்கொள்வது ஒன்று, கைவைப்பது மற்றது. முதல் சில மாதம் நான் படித்ததோடு சரி. சர்வர் என் பொறுப்பில் இருந்தது, செய்திகள் என் வழியாகத்தான் போக வேண்டும், போகிற போக்கில் படித்தேன். ஈஸ்வரன் ஓட்டல் சாப்பாட்டைத் திட்டுவான். அவள் தோப்பில் தேங்காய் வெட்டு நடந்ததை எழுதுவாள். இவன் எழுதுவதில் பாதி, சோத்துக்கு என்ன வெஞ்சனம், சாப்பிட்டியா என்பதுதான். உண்மையைச் சொன்னால் சலிப்பாகத்தான் இருந்தது.

பிறகு அவர்கள் சண்டை போட்டார்கள். தங்கமுத்து அவள் போனில் ஒருநாள் பூனா நம்பரிலிருந்து வந்த அழைப்பைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து போனில் பேசுவதே இல்லை, செயலி மட்டும்தான் என்று அவள் எழுதினாள். ஈஸ்வரனுக்குக் கோபம். "ஒங்க வீட்டு ஆளுகளுக்கு நீ பெருசில்ல, கௌரவந்தான் பெருசு. ஒனக்கும் அம்புட்டுதான்" என்று எழுதிவிட்டான். அது என் திரையில் வந்து நின்றது. இதைப் படித்தால் அந்தப் பெண் அழுவாள் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, "ஒன்னைய நெனச்சாத்தான் பயமா இருக்கு, பத்திரமா இரு" என்று போட்டு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவள் பதில் எழுதினாள். "உங்களுக்கு இவ்ளோ பக்குவம் எப்பங்க வந்துச்சு?"

அன்றைக்கு நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. என் எழுத்தை யாரும் அதற்கு முன்னால் அப்படிப் பாராட்டியதில்லை.

அதன் பிறகு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டேன். ஈஸ்வரனுக்கு வார்த்தை வராது. வந்தாலும் முரட்டுத்தனமாக வரும். அவளோ எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்: எப்ப வருவீங்க, எப்பக் கூட்டிட்டுப் போவீங்க, எனக்கும் அங்க வேலை கிடைக்குமா என்று. அதையெல்லாம் தணித்து அனுப்பினேன். சில வாரத்தில் அவர்கள் எழுதுவதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு முழுச் செய்தியையும் நானே எழுத ஆரம்பித்தேன். எளிதான வேலை என்று நினைக்க வேண்டாம். இவனுக்குக் கன்னிவாடிப் பேச்சு வேண்டும், அவளுக்குத் தொப்பம்பட்டிப் பேச்சு வேண்டும். ஒருமுறை அவள் பெயரில் "செத்த நேரம் பொறுங்க" என்று எழுதிவிட்டேன். அவள் வாயில் அப்படி வராது. ஈஸ்வரன் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். "என்னடி, எங்கூருப் பேச்சு ஒட்டிக்கிருச்சா?" என்று கேட்டு, அடுத்து ஒரு வரி முழுக்க முத்தம் அனுப்பினான். காதலர்களின் பெருந்தன்மைக்கு அளவே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் பழனி மலைக்குப் போகிறார்கள், தமிழ்மதிகூட இருக்க மாட்டாள், அன்றைக்குக் கூப்பிடுங்கள் என்று அவள் எழுதினாள். தமிழ்மதி அவள் தங்கை. அந்த வரியை எடுத்துவிட்டேன். போனில் பேசினால் தங்கமுத்து மறுபடி கண்டுபிடித்து ரகளை ஆகும். அவர்கள் பாதுகாப்புக்காகத்தான் எடுத்தேன். குரல் கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன் என்பதும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது இரண்டாவது காரணம்.

தீபாவளிக்கு லீவு போட்டு வந்து பழனியில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று ஈஸ்வரன் எழுதியதையும் நான் தள்ளிவைத்தேன். அண்ணன் கல்யாணம் முடியட்டும் என்று அவள் சொன்னதாக அவனுக்கு எழுதினேன். வேலை நிரந்தரமாகட்டும் என்று அவன் சொன்னதாக அவளுக்கு எழுதினேன். இரண்டும் நியாயமான காரணங்கள். எந்தப் பெரியவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இதற்கிடையில் உடுமலைப் பக்கத்திலிருந்து அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அதை அவள் எழுதிய விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்கப்பா போனை எங்கிட்டயே குடுத்து, உன்ற போன்ல பஞ்சாங்கம் நல்லா இருக்குதே, முகூர்த்தம் பாத்துச் சொல்லு கண்ணுங்கறாருங்க. நானே பாத்துச் சொன்னனுங்க. நம்ம செஞ்ச பஞ்சாங்கத்துல என்ற கல்யாண நாளு நானே பாத்தனுங்க." இந்தச் செய்தியை நான் ஈஸ்வரனுக்கு அனுப்பவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகாதவனை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?

அடுத்து அவள் எழுதியது இது: "வர்ற பொதங்கெழம காலைல ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறனுங்க. வந்து கூட்டிட்டுப் போயிருங்க. திரும்பி வீட்டுக்குப் போக மாட்டனுங்க."

இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். அனுப்பியிருந்தால் ஈஸ்வரன் போட்ட சட்டையோடு கிளம்பி வந்திருப்பான், அதில் சந்தேகமே இல்லை. வந்து இருவரும் நேரில் பேசத் தொடங்கினால் பஸ் செம்பட்டி தாண்டுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. ஈஸ்வரன் நேரில் அவ்வளவு நன்றாகப் பேச மாட்டான். ஒரு வருடமாக அவள் படித்துப் பழகிய ஈஸ்வரன் வேறு. அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வர முடியாது என்று எழுதவும் மனம் வரவில்லை, அவள் உடைந்துபோவாள். அதனால் அவளுக்கு "கண்டிப்பா வாரேன்" என்று எழுதினேன். அவனுக்கு, வீட்டில் விருந்தாளிகள், இரண்டு நாள் எழுத முடியாது என்று அவள் பெயரில் அனுப்பினேன்.

புதன்கிழமை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் ஒட்டன்சத்திரம் போனேன். வயசுப் பெண் தனியாக நிற்கிறாள், ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாமா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். தோளில் ஒரு துணிப்பையோடு அவள் திண்டுக்கல் பஸ்கள் வந்து நிற்கிற பக்கம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் காணப் பாவமாக இருந்தது. டீக்கடையிலிருந்தே, "ரயில விட்டு எறங்கிட்டேன், பஸ் ஏறப் போறேன்" என்று அனுப்பினேன். பிறகு, "ரெட்டியார்சத்திரம் தாண்டிட்டேன், வாரேன்" என்று அனுப்பினேன்.

படித்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. துணிப்பையை இறக்கி வைத்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நான் எழுதியதைப் படிக்கிற முகத்தை நேரில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை.

பிற்பகலில் பஸ் ரிப்பேர் என்றேன், அதையும் நம்பினாள். வெயில் சாய்கிற நேரத்தில் தங்கமுத்து இன்னும் இரண்டு பேரோடு காரில் வந்து இறங்கினார். கூட்டத்தில் யாரோ தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. "ஏறு கண்ணு" என்று கதவைத் திறந்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு திண்டுக்கல் பஸ் வந்தது, அதிலிருந்து இறங்கியவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தாள், பிறகு ஏறிக்கொண்டாள். நான் எழுந்து போயிருக்கலாம் என்று ஜோஸ்பின் மேடம் சொன்னார். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூன்றாம் மனிதர் தலையிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் மதியம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நீங்க வரலைன்னு எனக்குக் கோவமில்லீங்க. ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

நான் செய்முறைத் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். இந்த மாதிரிக் கேள்விக்கு அவசரத்தில் பதில் எழுதக் கூடாது. முதலில் எழுதியது மன்னிப்புக் கேட்பதாக இருந்தது, அழித்தேன். அடுத்து எழுதியது ரொம்ப நீளமாகப் போய்விட்டது. நடுவில் பிள்ளைகள் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு, வராந்தாவில் நின்று திருத்தமாக எழுதி முடித்தேன். நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல செய்தி என்று இன்றும் சொல்வேன். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகக் குறி வந்தது. படித்ததாக வரவில்லை.

அவள் மூன்று மணிக்கே தோட்டத்துப் பூச்சிமருந்து இருக்கும் அறைக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டிருந்தாள் என்பதை இப்போது படிக்கும்போது கவனிக்கிறேன்.

வயிற்று வலியில் போய்விட்டாள் என்று சொல்லி வீட்டார் மறுநாளே தகனத்தை முடித்துவிட்டார்கள். தமிழ்மதி எங்கள் துறையில் முதலாமாண்டு, என் மாணவி. அவளும் அவள் அக்கா மாதிரியே சுத்தமாகக் கணக்குப் போடுவாள். காரியமெல்லாம் முடிந்து வகுப்புக்கு வந்தவளிடம் நான் துக்கம் விசாரித்தேன். "ரொம்ப நல்லாப் படிக்கிற பிள்ளை" என்றேன். சில வாரம் கழித்து ஒருநாள் என் செய்தி படிக்கப்பட்டதாகக் குறி வந்தது. அவள் பிழைத்துவிட்டாளோ என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

தமிழ்மதிதான் படித்திருந்தாள். அமாவாசைக் கட்டத்தைப் பற்றி அக்கா அவளிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறாள். போனைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தது என்னிடம்தான். ஸ்டாஃப் ரூமில் வைத்து, "சார், அந்த ஈஸ்வரன் வர்றேன் வர்றேன்னு சொல்லி நாள் முழுக்க எங்கக்காவ நிக்க வெச்சிருக்கானுங்க. பாருங்க, செத்ததுக்கப்பறம் கவிதையாட்டம் எழுதியிருக்கான். அவன உள்ள வெக்கோணுங்க. நீங்க கூட வாங்க சார், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள். ஒரு மாணவி உதவி கேட்கும்போது மறுப்பது அழகில்லை. வந்தேன். இன்று காலை இந்த நிலையத்துக்கு நான் வந்தது குற்றவாளியாக இல்லை, தொழில்நுட்ப ஆலோசகராக. டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஜோஸ்பின் மேடம், "நாளைக்கு ரெண்டு பேரு பூனா கெளம்பிருவாங்க சார். அந்தப் பையனையும் தூக்கிரலாம், போனையும் எடுத்துரலாம். நீங்க இந்தச் சாட் மெசேஜுக்கெல்லாம் ஒரு ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். "அதெல்லாம் ஈஸ்வரன் எழுதல மேடம். நான் எழுதினேன்."

வாய் தவறிச் சொல்கிறேன் என்று மேடம் நினைத்தார். நான் என் லேப்டாப்பைத் திறந்து இரண்டு பக்கச் சாவிகளையும் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்மதிக்குப் பாடம் புரிந்துவிட்டது, மேடத்துக்குத்தான் நேரம் எடுத்தது. அந்தப் பெண் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அப்ப எங்கக்கா கடைசியாக் கேட்டது உங்களையாங்க?"

தொழில்நுட்பரீதியாக ஆமாம் என்றேன். அதன் பிறகு அவளை வெளியே அழைத்துப் போனார்கள். என் நாற்காலியையும் மாற்றிவிட்டார்கள்.

மனசாட்சி உறுத்தியது, அதனால் ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் பொய் எழுத எனக்கு விருப்பமில்லை. ஈஸ்வரன் ஒரு தப்பும் செய்யாதவன். அவனைப் பிடித்தால் அவன் போனை வாங்குவீர்கள். அவள் இறந்துவிட்டாள் என்று அவனிடம் சொல்வீர்கள். நான் ஒப்புக்கொண்டது அதைத் தடுக்கத்தான்.

"அந்தப் பையனுக்கு இன்னுமா தெரியாது?" என்று மேடம் எழுந்தே விட்டார். தெரியாது. எங்கள் பழைய வகுப்பு நண்பர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு, ஈஸ்வரன் அதிலிருந்து எப்போதோ விலகிவிட்டான். சேதி வந்த அன்று எல்லோரும் கூடிப் பேசி, அவனிடம் பக்குவமாகச் சொல்லச் சரியான ஆள் முகேஷ்தான் என்று முடிவெடுத்தார்கள். ஒருவர்கூட மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை. வேறு யாரும் அவனைத் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சொல்லத்தான் உட்கார்ந்தேன். செயலியைத் திறந்தால் அவன் எழுதியிருக்கிறான்: "விருந்தாளி போயாச்சா? ரெண்டு நாளா நீ இல்லாம சோறு எறங்கல." இதற்கு எப்படி அதைச் சொல்வது? போயாச்சுங்க, நீங்க முதல்ல சாப்பிடுங்க என்று எழுதினேன்.

அன்றிலிருந்து தினமும் எழுதுகிறேன். உடுமலைப் பக்கம் ஒரு சம்பந்தம் பார்த்தார்கள், அது தட்டிப்போய்விட்டது என்றும், அவளைத் திருப்பூரில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள் என்றும், தைப்பூசம் கழியட்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் இப்போது பழைய ஈஸ்வரன் இல்லை. கோபம் குறைந்துவிட்டது, நன்றாக எழுதவும் செய்கிறான். திருத்தவே வேண்டியதில்லை, திருத்தி அனுப்ப யாரும் இல்லை என்பது வேறு விஷயம். இருவருக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் பெரிய வீடாக வாடகைக்குப் பிடித்திருக்கிறான். போன வாரம் கிரைண்டர் கடையிலிருந்து படம் அனுப்பி எது வேண்டும் என்று கேட்டான். சாய்க்கிற மாதிரி இருப்பதை எடுக்கச் சொன்னேன், கழுவ வசதி. வாங்கிவிட்டான். அதில் முதல் மாவை அவள் கையால் ஆட்ட வேண்டும் என்று பிரிக்காமல் வைத்திருக்கிறான்.

என்ன பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன், மேல்முறையீடு எதுவும் கிடையாது. ஒரு வேண்டுகோள் மட்டும். காலையில் வாங்கி வைத்த என் போனை இரண்டு நிமிடம் கொடுங்கள், மேடம். பக்கத்தில் நின்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஈஸ்வரன் இதற்குள் இரண்டு மூன்று தடவை கேட்டிருப்பான், நான் சாப்பிட்டேனா என்று.